சுமந்து நடந்தவருக்கு ஒரு சிலுவை

சிப்பாயின் மார்பில் தொங்கும் பதக்கங்களில் பெரும்பாலானவை எதிரியோடு சம்பந்தப்பட்டவை. சுட்டார், சுடப்பட்டார், குண்டு விழுகிற இடத்தில் இத்தனை மாதம் இருந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். டச்சு ராணுவத்தினர் சிலரிடம் இவற்றோடு ஒரு சின்னச் சிலுவையும் உண்டு. அதற்கு எதிரி யாரும் தேவைப்படவில்லை. நான்கு நாள் நடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நெதர்லாந்தின் கிழக்கே, ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஊர் நைமேகன். ஆண்டுதோறும் ஜூலை மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பொழுது சரியாக விடிவதற்குள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து நடக்கக் கிளம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை வரை தினமும் நடை. பொதுமக்களுக்கு வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர். பல நாட்டு ராணுவத்தினர் ஊருக்கு வெளியே ஹ்யூமன்சோர்ட் என்ற இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, சீருடையில், முதுகில் குறைந்தது 10 கிலோ சுமையோடு தினம் 40 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கடைசி நாள் ஊருக்குள் நுழையும்போது இருபுறமும் கூட்டம் நின்று கிளாடியோலஸ் பூங்கொத்துகளை நீட்டுகிறது. முடித்தவர்களுக்குச் சிலுவை. இது 1909-இல் தொடங்கியபோது நடந்தவர்கள் 300-க்குச் சற்று மேல். அவர்களில் ஒரு சிலர் தவிர எல்லோரும் சிப்பாய்கள். இன்று சிப்பாய்கள்தான் சிறுபான்மை. ஆனாலும் அந்தச் சிலுவை அரசு அங்கீகாரம் பெற்றது. டச்சு ராணுவச் சீருடையில் மற்ற பதக்கங்களோடு சேர்த்தே அணியலாம்.

உடற்தகுதிக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதன் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, ஆலை நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் ஏராளமானவர்களை உடல் தேறாதவர்கள் என்று பிரிட்டிஷ் ராணுவம் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இனமே நலிகிறதோ என்று விசாரிக்க ஒரு குழு போட்டு 1904-இல் அறிக்கையும் வாங்கினார்கள். சுவீடன் 1907-இல் விளையாட்டுத் திறனுக்கு ஒரு சின்னத்தை அறிமுகம் செய்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த விளையாட்டு அமைப்பாளர் கார்ல் டீம் ஜெர்மனியில் அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். நார்வே 1915-இல் சுமைநடைக்கென்று ஒரு சின்னம் வைத்தது. சோவியத் ஒன்றியம் 1931-இல் ‘உழைப்புக்கும் பாதுகாப்புக்கும் தயார்’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகள் முதல் ஆலைத் தொழிலாளர்கள் வரை எல்லோருக்கும் தேர்வு வைத்து, தேறியவர்களின் சட்டையில் பட்டயம் குத்திவிட்டது. ரஷ்யா 2014-இல் அதே பெயரில் அதைத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. போருக்கு ஆள் தேவைப்பட்ட நூற்றாண்டில் குடிமக்களின் நுரையீரலும் தொடையும் அரசாங்கச் சொத்தாயின.

வரலாறு அதோடு இருக்கட்டும். இந்தச் சின்னங்கள் உண்மையில் எதை அளக்கின்றன என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி. ‘உடற்தகுதி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உடம்புக்குள் போய்ப் பார்த்தால் அப்படி ஒற்றைப் பொருள் எதுவும் இல்லை.

நார்வேயின் சுமைநடையை எடுத்துக்கொள்வோம். 11 கிலோ சுமையோடு 30 கிலோமீட்டர். இளம் ஆண்களுக்கான நேரம் நாலரை மணி. வயது கூடக்கூட நேரத்தைத் தளர்த்துகிறார்கள். என்.சி.சி.யில் ரூட் மார்ச் போனவர்களுக்கு இந்தக் கணக்கைக் கேட்டதும் சந்தேகம் வரும். 11 கிலோ பெரிய சுமை இல்லை. பள்ளிக்கூடப் பையே சில நாள் அதில் பாதி கனம் இருக்கிறது. அப்படியானால் எங்கே கஷ்டம்?

விடை வேகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் நகரில் ராணுவத்தின் சூழல் மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. சிப்பாய்களை டிரெட்மில்லில் ஏற்றி, முகமூடி மாட்டி, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளப்பது அங்கே அன்றாட வேலை. கென்ட் பண்டால்ஃபும் அவருடைய சகாக்களும் 1977-இல் அந்த அளவீடுகளை ஒரு சமன்பாடாகச் சுருக்கினார்கள். நடப்பவரின் எடை, சுமையின் எடை, வேகம், ஏற்றம், தரையின் தன்மை ஆகிய ஐந்தையும் கொடுத்தால் உடல் எத்தனை வாட் சக்தியைச் செலவழிக்கும் என்று அது சொல்லும். தார்ச்சாலைக்குத் தரை எண் 1. மண்பாதைக்கு 1.1. சதுப்புக்கு 1.8. தளர்ந்த மணலுக்கு 2.1. மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர் வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் ஏன் கெஞ்சுகிறது என்பதற்கு இந்த 2.1-ஐவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

70 கிலோ எடையுள்ள சிப்பாயை அந்தச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தேன். சமதளத் தார்ச்சாலையில், 35 கிலோவைச் சுமந்துகொண்டு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 460 வாட் ஆகிறது. அவரே நார்வே சின்னத்துக்காக 11 கிலோவோடு மணிக்கு 6.7 கிலோமீட்டரில் போனால் சுமார் 525 வாட். மூன்றில் ஒரு பங்கு சுமைதான், செலவோ அதிகம். சமன்பாட்டில் வேகம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு வருவதுதான் காரணம்.

அந்த 6.7 என்பதும் விவகாரமான எண். நடக்கும்போது நம் உடல் ஊன்றிய காலின்மேல் ஊசல் மாதிரி சாய்ந்து எழுகிறது. ஒவ்வோர் அடியிலும் உயரமாக மாறிய சக்தியில் ஒரு பங்கு வேகமாகத் திரும்பக் கிடைக்கிறது. வேகம் கூடினால் இந்த ஏற்பாடு குலைகிறது. மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டியதும் பெரும்பாலானவர்களின் கால் தானாகவே ஓட்டத்துக்கு மாறிவிடும். அங்கே நடையைவிட ஓட்டம் மலிவு. நார்வேக்காரர்கள் வைத்திருக்கும் நேரம் அந்த எல்லைக்கு நெருக்கமாக, நடை மிகவும் செலவு வைக்கும் இடத்தில் போய் நிற்கிறது. அதனால்தான் இதை முயல்பவர்கள் பலர் இறக்கத்தில் ஓடி, ஏற்றத்தில் நடந்து, நடுவில் இரண்டும்கெட்டான் தாவலில் போகிறார்கள். தெரிந்து வைத்தார்களா, தற்செயலா என்று தெரியாது. 1915-இல் ஆக்சிஜன் முகமூடியோடு டிரெட்மில் ஏதும் அவர்களிடம் இருந்திருக்காது.

சுமப்பதில் இன்னொரு அதிசயமும் உண்டு. கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையால் தாங்கிக்கொண்டு, கூடுதலாக ஆக்சிஜன் எதுவும் செலவழிக்காமல் நடக்கிறார்கள் என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதுகில் சுமந்த ராணுவத்தினருக்கோ சுமை ஏறஏற செலவும் ஏறியது. பிறகு நடந்த ஆய்வுகள் காரணத்தைக் கண்டுபிடித்தன. அந்தப் பெண்கள் சுமையேறியதும் ஊசலை இன்னும் திறமையாக ஆட்டுகிறார்கள். வீணாகும் சக்தி குறைகிறது. சிறுவயதிலிருந்து பழகியது. இவர்களுக்கு எந்த ராணுவமும் பட்டயம் கொடுக்கவில்லை.

சுமை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகில் ஏறும் ஒரு கிலோவைவிடக் காலில் ஏறும் ஒரு கிலோ சுமார் ஐந்து மடங்கு செலவு வைக்கும், ஏனென்றால் பாதத்தை ஒவ்வோர் அடியிலும் நிறுத்தி, மறுபடி வீசியாக வேண்டும். கனமான பூட்ஸ் போட்ட சிப்பாய் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மூட்டையையும் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறார்.

பூட்ஸ் என்றதும் கொப்புளம். நீண்ட நடையில் அதிகம் பேரை வதைப்பது இதுதான். கொப்புளம் தோலின் மேற்பரப்பில் உரசி வருவதாக நினைக்கிறோம். உள்ளே நடப்பது வேறு. குதிகால் எலும்பு முன்னே போகிறது, தோலின் மேல்படலம் காலுறையோடு ஒட்டிக்கொண்டு பின்தங்குகிறது. நடுவில் இருக்கும் செல் அடுக்கு இரண்டு பக்கமும் இழுபட்டுக் கிழிகிறது. அந்த விரிசலில் நீர் கோக்கிறது. நன்றாகக் காய்ந்த தோல் வழுக்கும், முழுக்க நனைந்த தோலும் ஓரளவு வழுக்கும். இரண்டுக்கும் நடுவே பிசுபிசுவென்று வியர்த்த தோல்தான் மிகவும் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் பாதம் வியர்க்காமல் செய்துவிட்டால்? அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். பாதி பேருக்கு வியர்வையை அடக்கும் அலுமினிய உப்புக் கரைசல், மீதிப் பேருக்கு வெறும் கரைசல், பிறகு 21 கிலோமீட்டர் நடை. முறையாகப் பூசியவர்களில் கொப்புளம் கண்டவர்கள் 21 சதவீதம். வெறும் கரைசல் பூசியவர்களில் 48 சதவீதம். அருமையான முடிவு. ஆனால் மருந்து பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தோல் எரிச்சல் வந்தது. கொப்புளத்துக்குப் பதில் எரிச்சலை வாங்கிக்கொள்வதா என்று அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொப்புளம் ஆறிவிடும், எலும்பு அப்படியில்லை. பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-இல் ஒரு விசித்திரத்தை எழுதி வைத்தார். அடிபடாமல், விழாமல், நீண்ட நடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிக்கிறது. காரணம் புரியவில்லை. எக்ஸ்-கதிர் வந்த பிறகு, 1897-இல்தான், உள்ளே பாத எலும்பில் மயிரிழை முறிவு இருப்பது தெரிந்தது. இன்றும் அதற்கு ‘மார்ச் முறிவு’ என்றே பெயர்.

உயிருள்ள எலும்பு சுமையை உணர்ந்து தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும். முதலில் பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து பள்ளம் தோண்டுகின்றன. சில வாரங்களில் அந்த வேலை முடிகிறது. பிறகு வேறு வகைச் செல்கள் வந்து புதிய எலும்பால் அதை நிரப்புகின்றன. அதற்கு மாதங்கள் ஆகும். தோண்டுதல் வேகம், நிரப்புதல் நிதானம். ஆகவே பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் எலும்பு முன்பிருந்ததைவிட நலிந்து நிற்கிறது. தசையும் இதயமும் அதற்குள் தேறிவிடுகின்றன. ‘நன்றாக இருக்கிறேனே’ என்று ஆள் இன்னும் வேகமாக நடக்கிறார். அந்த நேரத்தில்தான் முறிகிறது. இஸ்ரேல் ராணுவம் கால் நூற்றாண்டு இதோடு போராடியது. பூட்ஸை மாற்றிப் பார்த்தார்கள், உள்தகடு வைத்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். கடைசியில் பலன் தந்தவை இரண்டே: இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியதும், மொத்த நடைத் தூரத்தைக் குறைத்ததும். முறிவுகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தன என்று 2008-இல் அவர்களுடைய மருத்துவர்கள் எழுதினார்கள். தூங்கவிடு என்று எந்த ஹவில்தாரிடம் சொல்வது?

இனி வெயில். அந்த 525 வாட் எங்கே போகிறது? சமதள நடையில் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே உடம்பில் சேர்கிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு முக்கால் லிட்டர் வரை ஆவியாக வேண்டியிருக்கிறது. தரையில் சொட்டிய வியர்வை கணக்கில் வராது. ஆவியானது மட்டுமே குளிர்ச்சி தரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகாது. சித்திரையில் சென்னைவாசிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வெப்பத்தை ஒற்றை எண்ணாக அளக்கும் முறைகளில் ஒன்று ராணுவப் பயிற்சி முகாமில் பிறந்ததுதான். தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் அமெரிக்க மரீன்களின் பயிற்சி முகாம் இருக்கிறது. ஈரமும் கொசுவும் வெயிலும் சேர்ந்த இடம். 1950-களில் அங்கே புதியவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்துகொண்டே இருந்தார்கள். கான்ஸ்டன்டின் யாக்லோவும் டேவிட் மினார்டும் மூன்று வெப்பமானிகளைச் சேர்த்து ஒரு குறியீட்டை உருவாக்கி 1957-இல் வெளியிட்டார்கள். ஈரத்துணி சுற்றிய குமிழின் வெப்பநிலைக்கு 70 சதவீதம், வெயிலில் தொங்கும் கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பநிலைக்கு 20, நிழலில் அளந்த சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10. செய்தியில் சொல்லும் டிகிரிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு பத்தில் ஒன்று! எண் உயர உயர முகாமில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடியின் நிறம் மாறும். 32 டிகிரியைக் கடந்தால் கறுப்புக் கொடி, கடும் பயிற்சி நிறுத்தம். இன்று விளையாட்டுப் போட்டிகளும் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளும் இதே குறியீட்டைத்தான் பயன்படுத்துகின்றன.

2006 ஜூலையில் ஐரோப்பாவை வெப்ப அலை பிடித்திருந்தபோது நைமேகனில் நடை தொடங்கியது. முதல் நாளே ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். மீதி மூன்று நாளையும் ரத்து செய்தார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் போதும் என்று தோன்றும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. வியர்வையில் உப்பும் போகிறது. இழந்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். குடி, குடி என்று விரட்டிக்கொண்டிருந்த அமெரிக்க ராணுவம், சில பயிற்சி வீரர்கள் தண்ணீராலேயே இறந்த பிறகு, 1998-இல் உச்சவரம்பு வைத்தது. மணிக்குச் சுமார் 1.4 லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது.

சுமைநடைக்கு இவ்வளவு என்றால், அமெரிக்க ராணுவம் தன் உடற்தகுதிப் பட்டயத்துக்கு எதை அளந்தது? 1986-இல் அது அறிமுகமானபோது தேர்வு மூன்று பகுதி: இரண்டு நிமிடத்தில் எத்தனை தண்டால், இரண்டு நிமிடத்தில் எத்தனை சிட்-அப், இரண்டு மைல் ஓட்டம். மொத்தம் 300 மதிப்பெண். 1999 முதல், ஒவ்வொன்றிலும் 90-க்குக் குறையாமல், மொத்தம் 270 எடுத்து, உடல் எடை விதிகளுக்கும் உட்பட்டிருந்தால் பட்டயம். அதை உடற்பயிற்சி உடையில் மட்டும்தான் தைத்துக்கொள்ள முடியும். சீருடையில் இடமில்லை. வேர்த்து வழியும்போது மட்டும் கௌரவம்.

இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. சாதனம் வேண்டாம். ஒரு மைதானமும் கையில் ஒரு ஸ்டாப்வாட்சும் இருந்தால் ஒரே காலையில் நூறு பேருக்கு மதிப்பெண் போட்டுவிடலாம். ஓட்டத்துக்காவது அறிவியல் துணை இருந்தது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1960-களில் பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தையும், ஆய்வுக்கூடத்தில் அளந்த அவருடைய உச்ச ஆக்சிஜன் உறிஞ்சும் திறனையும் ஒப்பிட்டு, இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன என்று காட்டினார். உலகெங்கும் ராணுவங்கள் வைக்கும் ஒன்றரை மைல் ஓட்டம், நம் ராணுவத்திலும் உள்ள 2.4 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் அந்தப் பரம்பரை.

தண்டாலும் சிட்-அப்பும் அப்படியல்ல. தண்டாலில் தூக்குவது தன் சொந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை. சின்ன உடல்காரருக்கு இது சாதகம். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. ஆள் பெரிதாக ஆக பலத்தைவிட எடை வேகமாக ஏறும். ஆகவே 60 கிலோ ஆள் தண்டாலிலும் ஓட்டத்திலும் பட்டயம் வாங்குவார். 95 கிலோ ஆள் மூச்சிரைத்துக் கொண்டிருப்பார். காயம்பட்ட தோழனைக் கவசத்தோடு சேர்த்து இழுத்து வர வேண்டிய நேரத்தில் கணக்கு தலைகீழாகும். அங்கே தோழனின் எடை யார் இழுத்தாலும் மாறாது. பெரிய உடல் ஜெயிக்கும். பல ஆண்டுகளாக ராணுவம் அந்தப் பெரிய உடலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது.

சிட்-அப் இன்னும் மோசம். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் மெக்கில் முதுகெலும்பை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ஒரு சிட்-அப்புக்கு இடுப்புத் தண்டுவட்டில் விழும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன் என்று அவர் கணக்கிட்டார். முந்நூறு கிலோவுக்கு மேல் வைத்து அழுத்துவதற்குச் சமம். பட்டயத்துக்காக இரண்டு நிமிடத்தில் எழுபது எண்பது முறை. தேர்வுக்கு முந்தைய மாதம் தினம் அதே பயிற்சி. போர்க்களத்தில் எந்தச் சிப்பாயும் மல்லாந்து படுத்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்வதில்லை என்பது தனி விஷயம்.

பழைய தேர்வால் போர்க்கள வேலைகளில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதை 40 சதவீதம்தான் கணிக்க முடிகிறது என்று ராணுவ அதிகாரிகளே சொல்லிக்கொண்டு, ஆறு பகுதி கொண்ட புதிய தேர்வைக் கொண்டுவந்தார்கள். தரையிலிருந்து மூன்று முறை எடை தூக்குதல். முழு மதிப்பெண்ணுக்கு 340 பவுண்ட், அதாவது சுமார் 154 கிலோ. பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிதல். ஒவ்வொரு முறையும் கையைத் தரையிலிருந்து எடுத்துவிட்டுச் செய்யும் தண்டால். 40 கிலோ சறுக்குவண்டியை இழுப்பது உட்பட 250 மீட்டர் ஓட்டமும் இழுப்பும் தூக்கலும் கலந்த ஒன்று. கம்பியில் தொங்கி முழங்காலை முழங்கைவரை உயர்த்துதல். கடைசியில் அதே இரண்டு மைல் ஓட்டம்.

காகிதத்தில் அழகாக இருந்தது. மைதானத்தில் சண்டை ஆரம்பித்தது. கம்பியில் தொங்கும் பகுதியில் பெண்கள் பெருமளவில் தோற்றார்கள். வயிற்றுத் தசையை அளப்பதாகச் சொல்லப்பட்ட அது, கம்பியைப் பிடித்துத் தொங்கும் தோள்பலம் இல்லாதவர்களின் வயிற்றுக்குப் போகவே இல்லை. 2022-இல் அதை நீக்கிவிட்டு, முழங்கையூன்றி மரப்பலகைபோல் விறைத்து நிற்கும் பயிற்சியை வைத்தார்கள். பந்து எறிதலில் உயரமானவர்களுக்கும் எறியும் நுட்பம் பழகியவர்களுக்கும் சாதகம் என்ற புகார் இருந்தது. 2025-இல் அதுவும் போய், தேர்வு ஐந்தாகச் சுருங்கியது. போர்முனைப் பிரிவுகள் சிலவற்றில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே அளவுகோல் என்றும் அப்போது முடிவானது. நாற்பது வருடம் அசையாமல் இருந்த தேர்வு, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மூன்று வடிவம் எடுத்துவிட்டது.

இந்தக் குழப்பத்தில் ஒரு நல்லது நடந்தது. அமெரிக்க ராணுவத்தில் எடை அதிகமானவர்களின் கழுத்தையும் இடுப்பையும் நாடாவால் அளந்து கொழுப்பைக் கணிக்கும் பழக்கம் இருந்தது. கழுத்தும் தோளும் தடித்த பலசாலிகள் பலர் இந்த நாடாவுக்கு முன் வந்து கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. 2023-இல் விதியை மாற்றினார்கள்: அப்போதிருந்த ஆறு பகுதியிலும் தலா 80-க்குக் குறையாமல் மொத்தம் 540 எடுத்தவருக்கு நாடா கிடையாது என்று. உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் அதன் சுற்றளவைப் பற்றிக் கேள்வி கேட்கத் தேவையில்லை என்பதை ஒரு பெரிய நிறுவனம் ஒப்புக்கொள்வது லேசில் நடக்கிற காரியமில்லை.

சிங்கப்பூரில் பட்டயத்தோடு பணமும் வரும். கட்டாய ராணுவ சேவை முடித்த ஆண்கள், தமிழர்கள் உட்பட, வேலை, குடும்பம் என்றான பிறகும் ஆண்டுதோறும் உடற்தகுதித் தேர்வையோ அதற்கு ஈடான பயிற்சியையோ முடித்தாக வேண்டும். 2015 முதல் அந்தத் தேர்வு மூன்றே பகுதி: தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டத்துக்கு 50 மதிப்பெண், மற்ற இரண்டுக்கும் தலா 25. மொத்தம் 85 எடுத்தால் தங்கம், 500 சிங்கப்பூர் டாலர் கையில். 75-க்கு வெள்ளித் தகுதி, 300 டாலர். அமெரிக்கா சிட்-அப்பைக் கைவிடத் தயாரான நேரத்தில் சிங்கப்பூர் அதைத் தக்கவைத்துக்கொண்டது. மேசைமுன் உட்கார்ந்து வேலை செய்யும் முப்பத்தைந்து வயதுக்காரர் வீட்டுக் கூடத்திலேயே பழகக்கூடிய தேர்வு வேண்டும் என்பது அங்கே முதல் தேவை. போர்க்களத்தை அளப்பதைவிட ஆளைச் சோபாவிலிருந்து எழுப்புவது முக்கியம். அந்த நோக்கத்துக்கு அது பொருத்தமான தேர்வுதான்.

ஆனால் எங்கே வைத்தாலும், ஓட்டத்துக்கு அதிக மதிப்பெண் கொடுக்கும் எந்தப் பட்டயமும் ஒரு சங்கடத்தைத் தாண்ட முடியாது. கிளாட் புஷார் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஹெரிடேஜ் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத நூற்றுக்கணக்கானவர்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, இருபது வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். உச்ச ஆக்சிஜன் திறன் சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் உயர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சிலருக்கு ஒரு லிட்டர்வரை ஏறியிருந்தது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஏறவில்லை. அத்தனை பேரும் அதே வியர்வையைச் சிந்தியவர்கள். இந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்டப் பாதி குடும்ப வழியில் வருவது என்று 1999-இல் எழுதினார்கள். விடிகாலையில் எழுந்து மூச்சு வாங்க ஓடியும் பட்டயம் கிடைக்காத சிப்பாயைச் சோம்பேறி என்று சொல்ல இனி யாருக்கும் அறிவியல் துணைக்கு வராது.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நடைகளையும் திரும்பப் பார்த்தால் அவை ஒரே ஜாதியில்லை என்று தெரிகிறது. நார்வே நடையின் 525 வாட்டுக்கு, 70 கிலோ ஆளிடம் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 22 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகும். நாலரை மணி நேரம் தொடர்ந்து அதைத் தாங்க வேண்டுமானால் உச்சத் திறன் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். பிறவியிலேயே இயந்திரம் சிறியதாக வாய்த்தவருக்கு அது கஷ்டம். நைமேகனில் 10 கிலோவோடு மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் செலவு 14 மில்லிலிட்டர்தான். ஆரோக்கியமாக உள்ள எவருடைய நுரையீரலும் இதயமும் அதைக் கொடுத்துவிடும். அங்கே ஆளைக் கழிப்பது இயந்திரம் இல்லை; பாதம், உப்பு, தூக்கம், பொறுமை. யார் முதலில் வந்தார் என்ற பட்டியலும் அங்கே கிடையாது. நான்கு நாளும் முடித்தாரா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். எத்தனையாவது ஆண்டு முடிக்கிறார் என்பதற்கேற்ப சிலுவையின் தோற்றம் மாறுகிறது. புதன்கிழமை அதிகாலை, முதல் நாளின் கொப்புளங்களை ஊசியால் குத்தி நீரெடுத்து, பிளாஸ்திரி ஒட்டி, வீங்கிய காலை அதே பூட்ஸுக்குள் நுழைக்க முடிந்தவர் இரண்டாம் நாளைத் தொடங்கலாம்.